ஈயம் வைத்து மூடிய டின்

என் தமையனார் நாள்தோறும் காலையில் என் முன்னால் வந்து நின்று தம் எண்ணைச் சொல்வார். "நூத்திப்பன்னெண்டு." அதற்கு மேல் ஒரு வார்த்தை இராது. கம்பி ஜன்னலின் அடியில் இருந்த சிறு திறப்பின் வழியே தம் பித்தளைப் பில்லையை உள்ளே தள்ளுவார். நான் அதை எடுத்து, எனக்குப் பின்னால் இருந்த பெரிய பலகையில் அந்த எண்ணுக்குரிய ஆணியில் மாட்டுவேன். அரை மணி நேரத்துக்கு முன்புதான் நாங்கள் இருவரும் ஒரே வீட்டில், அருகருகே உட்கார்ந்து உண்டிருப்போம்.

அந்த முறையை ஏற்படுத்தியவன் நானே. டைம் ஆபீஸில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, ஆபீஸில் உறவு கொண்டாடுவது என் மதிப்புக்கு ஏற்றதன்று என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. சிரித்தார்.

"செரிங்க தொர. கேட்டுக்கு உள்ள நீ தொர, வூட்ல நீ தம்பி. இன்னா, செரிதானே?"

அவர் தந்த வாக்கை ஒரு நாளும் மீறவில்லை. ஆனால் தெருவில் யாரிடமாவது பேசும்போது, "எந்தம்பி நாக்காலில குந்திகினு கீறான், நான் நின்னுகினு பில்ல குடுக்கிறேன், இத பாக்கத்தான் எங்க நைனா இல்லாம பூட்டாரு" என்று சொல்லி மகிழ்வார். எங்கள் தந்தை இறந்தபோது எனக்கு ஆறு வயது, அவருக்குப் பதினாறு. என்னைப் பி.ஏ. வரை படிக்க வைத்தவர் அவர். அவருக்குத் தம் பெயரை எழுதத் தெரியாது.

இராயபுரத்துக்கு வடக்கே, கடலை ஒட்டி, மண்ணெண்ணெய் அடைக்கும் தகர டின்களைச் செய்யும் ஆலை அது. அதன் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஆட்களின் பெயர்களையும் எழுதப்போவதில்லை. என் பெயரைக் காத்துக்கொள்வதற்காகத்தான் என்று யாரேனும் நினைத்தால், அதிலும் உண்மை உண்டு. பில்லையைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். எண் பொறித்த அந்த வட்டத் தகடு ஒவ்வொரு தொழிலாளியிடமும் ஒன்று இருக்கும். காலையில் கொடுத்துவிட்டு உள்ளே போவான். மாலையில் பெற்றுக்கொண்டு வீடு திரும்புவான். பில்லை யார் கையில் இருக்கிறதோ அவன் அந்த ஆலையின் ஆள்.

ஆலை வாயிலில் விதிகள் எழுதிய பலகை ஒன்று தொங்கியது. ஆங்கிலம் ஆலையை நடத்திய துரையினுடையது, கீழே இருந்த தமிழ் என்னுடையது. பதினான்காம் விதி இது: காலையில் வேலைக்கு நுழையும் நேரத்துக்குப் புறம்பாகத் தன் பில்லையை அலுவலகத்தில் ஒப்படைக்கும் தொழிலாளி, தன் விருப்பப்படி வேலையிலிருந்து விலகியவனாகக் கொள்ளப்படுவான். அந்தத் தமிழ் வாக்கியம் பிழையற்று அமைந்ததில் எனக்குப் பெருமை இருந்தது. பலகையைப் படிக்கக்கூடியவர்கள் தொழிலாளர்களில் அநேகமாக இல்லை. படித்துக் காட்டும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் காட்டவில்லை.

தமையனார் பற்றுவைக்கும் கொட்டகையில் இருந்தார். டின்னின் விளிம்புகளை ஈயம் உருக்கி ஒட்டுவது அவர் வேலை. தகரம் கீறியும் சூடு பட்டும் அவருடைய விரல் நுனிகள் வழவழத்துப் போயிருந்தன. ரேகை என்று ஒன்று அங்கே இல்லை. கொட்டகை முழுவதும் குங்கிலியமும் ஈயமும் எரியும் புகை. கடலை நோக்கிய சுவரில் நான்கு பெரிய ஜன்னல்கள் இருந்தன. நான்கையும் ஆணி அடித்து மூடியிருந்தார்கள். திறந்தால் உப்புக்காற்று வந்து தகரம் துருவேறும். ஈயம் உருக்கும் பற்றுக்கோலின் சூடும் ஆறிப்போகும். சுவருக்கு அப்பால் நூறடி தூரத்தில் அலை அடித்துக்கொண்டிருக்கும். சுவருக்கு இப்பால் மனிதர்கள் இருமிக்கொண்டிருப்பார்கள்.

கல்லூரியில் படித்த காலத்தில் எங்கள் விவாத சங்கத்தில் வர்க்க முரண்பாட்டைப் பற்றி நான் ஒரு கட்டுரை வாசித்திருந்தேன். உடைமை உள்ளவரும் உழைப்பை மட்டுமே உடையவரும் எதிரெதிரே நிற்பதற்கு அவர்களில் எவருடைய கெட்ட மனமும் காரணமன்று. அவரவர் நிற்கும் இடமே காரணம் என்பது அந்தக் கொள்கையின் சாரம். பேராசிரியர் பாராட்டினார். கூடத்தில் அது எனக்கு ஓர் அழகிய தருக்கமாக மட்டுமே இருந்தது. கொட்டகையின் நான்கு ஜன்னல்களைப் பார்த்த பிறகே அதன் பொருள் விளங்கியது. துரைக்கு அந்தக் காற்று துரு. என் தமையனாருக்கு அது மூச்சு. இருவரும் பேசியது ஒரே காற்றைப் பற்றித்தான்.

ஒரு கோடையில் கொட்டகையில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். ஜன்னல்களைத் திறக்கக் கேட்பது என்று முடிவாயிற்று. மனுவை எழுதித் தரும்படி தமையனார் என்னிடம் வந்தார். ஆலையில் அல்ல, வீட்டில். நான் இரண்டு நாள் உழைத்து நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். துரை அதை முழுவதும் படித்தார். "எழுதியவருடைய ஆங்கிலம் நேர்த்தியானது" என்று சொல்லி, மேஜை மேல் இருந்த பேப்பர் வெயிட்டின் அடியில் வைத்தார். ஜன்னல்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பாராட்டைத் தமையனாரிடம் சொன்னேன்.

"எங்க மூச்ச பத்தி இன்னா சொன்னாரு?" என்றார் அவர்.

அடுத்த திங்கட்கிழமை ஆலைச் சங்கு ஊதியது. யாரும் உள்ளே போகவில்லை. எல்லோரும் கடற்கரை மணலில் போய் உட்கார்ந்தார்கள்.

வேலைநிறுத்தத்துக்குப் பகை பசி என்பார்கள். அவர்கள் அஞ்சியது வேறொன்றுக்கு. எவனாவது ஒருவன் விடியற்காலையில் தன் பில்லையோடு தனியாக வாயிலுக்குப் போய்விட்டால், பத்து மணிக்குள் இன்னும் இருபது பேர் அவன் பின்னால் போவார்கள். அதற்கு அவர்கள் ஒரு வழி கண்டார்கள். தொழிலாளர்களில் பாதிப்பேர் கடலோரக் குப்பங்களிலிருந்து வந்தவர்கள். யாரும் கடலுக்குப் போகக்கூடாது என்று குப்பத்தில் முடிவு செய்தால், எல்லோருடைய துடுப்புகளையும் கோயில் முன்பு ஒன்றாகப் போட்டுக் கட்டிவிடுவது அங்கே வழக்கம். அதையே இங்கும் செய்தார்கள். ஒரு புதிய டின்னைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து வந்து, தம் எண்ணை உரக்கச் சொல்லி, பில்லையை அதற்குள் போட்டார்கள். கடைசியில் என் தமையனார் மணலிலேயே அடுப்பு மூட்டி, பற்றுக்கோலைக் காய வைத்து, டின்னின் வாயை ஈயம் வைத்து மூடினார். இனி எல்லோரும் கூடித்தான் அதைத் திறக்க முடியும்.

நான் சற்றுத் தொலைவில், சாலையோரம் நின்று பார்த்தேன். குமாஸ்தாக்கள் வேலைநிறுத்தத்தில் இல்லை. புத்தகத்தில் நான் படித்த ஒன்று என் கண் முன்னால் நடந்தது. தனித்தனி ஆட்களாக இருந்தவர்கள் ஒரு வர்க்கமாக ஆன அந்த நாழிகையை நான் நேரில் கண்டேன். அவர்களுக்கு அந்தச் சொல் தெரியாது. அதைத் தெரிந்திருந்த நான் சாலையோரத்தில் நின்றேன்.

டின்னை எங்கே வைப்பது என்ற பேச்சு எழுந்தபோது தமையனார் எங்கள் வீட்டைச் சொன்னார். அவருடைய நெருங்கிய நண்பர் ஒருவர் இருந்தார். தகரம் வெட்டும் இயந்திரத்தில் இரண்டு விரல்களை இழந்தவர். அவர்தான் மறுத்தார்.

"இன்னா மாமு, ஆபீஸ்காரன் வூட்லயா வெக்கிற? அவன நாக்காலியோட சேத்து கட்டிக் கீறாங்க. துரை நாக்காலிய இழுத்தான்னா இவனும் கூடவே போவான்."

"போலீஸ்காரன் ஆபீஸ்காரன் வூட்டுக் கதவ தட்ட மாட்டான்டா."

"அவன் தட்ட வாணாம். இவனே தொறந்து வுட்டுட்டா?"

"டேய், அவன் நான் ஊட்டி வளந்தவன். என்னிய நம்புறியா?"

"ஒன்ன நம்புறேன்."

"அப்ப அவனையும் நம்பு. வேற பேச்சு பேசாத."

டின் எங்கள் வீட்டுக்கு வந்தது. சமையலறையில், அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருந்தது. அசைத்தால் உள்ளே கலகலக்கும்.

ஒன்பதாம் நாள் தலைமைக் குமாஸ்தா என்னைத் தம் அறைக்கு அழைத்தார். பில்லைகள் எங்கே இருக்கின்றன என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. அதை நான் சொல்லவில்லை. அந்த ஒன்றையாவது வாசகர் நம்பலாம்.

"துரை பேசத் தயாராக இருக்கிறார். ஆனால் தொழிலாளர் பக்கத்திலிருந்து ஒரு நல்லெண்ணம் தெரிய வேண்டாமா? பில்லைகளைக் கொண்டுவந்து மேஜை மேல் வையும். ஜன்னல்களைப் பற்றிப் பேச்சு தொடங்கும். இரு தரப்பையும் சேர்த்து வைத்தவர் என்று உமக்கும் ஒரு பெயர் நிற்கும்."

"பதினான்காம் விதி இருக்கிறதே?" என்று கேட்டேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதைத் தமிழில் எழுதியவர் நீர்தானே, ஓய்? உமக்குத் தெரியாததை நான் என்ன சொல்லிவிடப் போகிறேன்? விதி துரையின் கையில் இருக்கிறது. வேண்டியபோது எடுப்பார்; வேண்டாதபோது வைத்துவிடுவார்."

முப்பது ஆண்டுகளாக நான் ஏமாற்றப்பட்டதாகச் சொல்லி வந்திருக்கிறேன். மேலே எழுதியிருக்கும் உரையாடலை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கேள்வியை நான் கேட்டேன். அவருடைய பதிலின் பொருள் எனக்கு விளங்கியது. விளங்கிய பிறகும் எழுந்து வீட்டுக்குப் போனேன்.

ஏன் போனேன் என்பதை எத்தனையோ முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். டைம் ஆபீஸின் தலைமைப் பதவி காலியாகும் நிலையில் இருந்தது. அந்த எண்ணம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிதாக இருந்தது வேறொரு சித்திரம்: துரை ஒருபுறம், தொழிலாளர் மறுபுறம், நடுவில் இருவருடைய மொழியும் அறிந்த நான். அவ்வளவு படித்த ஒருவனால் இந்த முரண்பாடு தீராமல் போகாது என்ற கர்வம். துரை அந்த விதியை எடுக்க மாட்டார் என்று நம்புவதற்கு எனக்கு ஒரு காரணமும் இல்லை. நம்ப விரும்பினேன்.

முற்பகல் பதினொரு மணி இருக்கும். தமையனார் கடற்கரைக் கூட்டத்துக்குப் போயிருந்தார். அண்ணி முற்றத்தில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். நான் டின்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா தம்பி, டின்ன எங்க எடுத்துகினு போற?"

"அண்ணன் கடற்கரைக்குக் கொண்டுவரச் சொன்னார்."

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "கோட்டு போட்டுகினு, பூட்ஸு போட்டுகினு மணலுக்கா போற?"

நான் வேகமாக நடந்தேன். தெருமுனையில் ஜட்கா காத்திருந்தது.

துரையின் அறையில் டின்னைத் திறக்க ஒரு மேஸ்திரியை அழைத்தார்கள். தமையனார் வைத்த பற்று விடவில்லை. உளியை வைத்துத் தட்டியும் அசையவில்லை. கடைசியில் பக்கத்துத் தகரத்தைக் கத்தரியால் வெட்டித்தான் திறந்தார்கள். பில்லைகள் மேஜை மேல் கொட்டின. தொழிலாளர் சார்பில் ஒப்படைத்தவர் என்ற இடத்தில் நான் கையொப்பம் இட்டேன். ஜன்னல்களைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நின்றேன். துரை மரியாதை தெரிந்த மனிதர். "உம்முடைய சகோதரரும் இதில் இருக்கிறார் அல்லவா? அவருடையதை நீர் எடுத்துக்கொள்ளும். அவர் நாளைக்கே வரலாம்" என்றார்.

நான் குனிந்து அந்தக் குவியலில் நூற்றுப்பன்னிரண்டைத் தேடினேன். நெடுநேரம் தேடினேன். எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பிற்பகலில் வாயிலில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. பில்லைகளை ஒப்படைத்த அனைவரும் தம் விருப்பப்படி விலகியவர்களாகக் கொள்ளப்பட்டார்கள். அந்த அறிவிப்பின் தமிழும் என்னுடையதே. எழுதித் தந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் புறப்பட்டேன்.

பொழுது சாய்வதற்குள் செய்தி எங்கள் சந்துக்கு வந்துவிட்டது. இருபது முப்பது பேர் வாசலில் நின்றார்கள். விரல் இழந்த நண்பர் முன்னால் நின்றார். நான் போனபோது யாரும் வழி மறிக்கவில்லை. விலகி வழி விட்டார்கள். தமையனார் முற்றத்தில் காலில் ஒட்டிய மணலைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்து, துண்டால் துடைத்துக்கொண்டு, என்னிடம் வந்தார்.

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். இப்டி ஆவும்னு தெரிஞ்சி செஞ்சியா, தெரியாம செஞ்சியா? அத மட்டும் சொல்லு."

அண்ணி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"தெரியாது, அண்ணா. என்னை ஏமாற்றிவிட்டார்கள்" என்றேன்.

அவர் முகத்தில் அப்போது தோன்றியதை நான் மறக்கவில்லை. அது நிம்மதி. தெருப்பக்கம் திரும்பினார்.

"கேட்டீங்கல்ல? எந்தம்பிக்குத் தெரியாது. படிச்ச புள்ளடா. அவனுக்கு சூது வாது தெரியாது. யாராச்சும் அவன ஒரு வார்த்த சொன்னீங்க, நான் சும்மா இருக்க மாட்டேன்."

நண்பர் தரையில் துப்பினார். "அவனுக்குத் தெரியாதாம். ஒனக்கும் தெரியாது மாமு. நீ அவனோடயே இரு." அவர் நடந்தார். மற்றவர்களும் கலைந்தார்கள்.

எல்லோரும் போன பின் நான் சட்டைப்பையிலிருந்து பில்லையை எடுத்து நீட்டினேன். துரை சொன்னதையும் சொன்னேன். தமையனார் அதை வாங்கவில்லை. தொடவும் இல்லை.

"எல்லாருக்கும் குடுத்துட்டு வா. கடசியா எனக்குக் குடு."

கோபமாகச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் இலை போட்ட பிறகு தமக்குப் போடச் சொல்வதைப் போலச் சொன்னார்.

ஒரு மாதத்துக்குள் பழைய ஆட்களில் பலர் புதிய ஆட்களாக எடுக்கப்பட்டார்கள். புதிய எண்கள், தாமாகவே விலகியதாக ஒப்புக்கொள்ளும் தாளில் கட்டைவிரல் பதிவு. தமையனார் போகவில்லை. துறைமுகத்தில் நிலக்கரிக் கூடை சுமந்தார். நெஞ்சு தாளாமல் அதை விட்டு, தெருவில் உட்கார்ந்து ஓட்டைப் பாத்திரங்களுக்குப் பற்றுவைத்தார். இவற்றையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார். ஆனால் அவரோடு யாரும் பேசவில்லை. என்னை ஒரு வார்த்தை பழித்திருந்தால் அன்றே அவரைச் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். அதைக்கூட அவரிடம் வந்து கேட்டார்கள். "எந்தம்பிக்குத் தெரியாது" என்ற ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கல்யாண வீட்டில் ஓரமாக உட்காருவார். சாவு வீட்டில் அவர் தோள் கொடுக்க வந்தால் வேறொருவன் முந்திக்கொள்வான். அவருக்கென்று இருந்த அந்தக் கூட்டத்தை, என் பொருட்டு, என் பொய்யின் பொருட்டு, அவர் இழந்தார்.

நான் டைம் ஆபீஸின் தலைவனானேன். சில ஆண்டுகளில் அந்த வேலையை விட்டு மேலே படித்து, கல்லூரி ஆசிரியனானேன். வர்க்க முரண்பாட்டுக் கொள்கையை நெடுங்காலம் வகுப்பில் விளக்கியிருக்கிறேன். நடுவில் நிற்கும் குமாஸ்தா வகுப்பார் நெருக்கடி வரும்போது தம் நாற்காலி இருக்கும் பக்கமே சாய்வார்கள் என்று சொல்வேன். அதற்குத் தனிமனிதரைக் குறை கூறுவது அறியாமை என்றும் சொல்வேன். கொள்கை அளவில் அது சரியே. ஆனால் கொள்கை ஒரு முற்றத்தில் நின்று, தெரிஞ்சி செஞ்சியா தெரியாம செஞ்சியா என்று யாரையும் கேட்பதில்லை. என்னைக் கேட்டவர் என் தமையனார். என் பதிலுக்கு எந்த வர்க்கமும் பொறுப்பாகாது.

வேலைநிறுத்தம் முடிந்த நான்காம் ஆண்டு ஆலையில் துருவேறாத புதுப்பூச்சுத் தகரம் வந்தது. பற்றுவைக்க இயந்திரமும் வந்தது. கடல் பக்கத்து ஜன்னல்கள் நான்கையும் திறந்துவிட்டார்கள். யாரும் கேட்கவில்லை. அதே ஆண்டில் தமையனாருக்கு இருமலில் இரத்தம் வரத் தொடங்கியது.

ஆஸ்பத்திரியில் அவர் கிடந்த கடைசி வாரத்தில் விரல் இழந்த நண்பர் வந்தார். அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு வந்தவர், கட்டிலருகே நின்றார். தமையனாருக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் சொன்னது இதுதான்: "மாமு, அவனுக்குத் தெரியாதுடா. இப்பவாச்சும் நம்புடா."

நண்பர் கட்டிலின் மறுபக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். பிறகு, "நம்புறேன் மாமு" என்றார். அது பொய் என்று எனக்குத் தெரியும். எங்கள் இருவரில் அன்பினால் பொய் சொன்னவர் அவர்.

நான் அப்போது வாய் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. இரண்டு நாளில் தமையனார் போய்விட்டார்.

கருமாதி முடிந்த மறுநாள், என்னோடு வந்து இருக்கும்படி அண்ணியைக் கேட்டேன். எனக்கு அப்போது தனி வீடு இருந்தது. அவர் துணிகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தார். திருவொற்றியூரில் இருந்த தம் தங்கையின் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார்.

"கோட்டு போட்டுகினு போன. நான் பாத்தேன்" என்றார்.

அவர் மூட்டையை இறுக்கி முடிச்சிட்டார்.

"அவர்ட்ட நான் சொல்லல. சொல்லிடலாம்னு எத்தினி தடவ வாய் வரிக்கும் வந்திச்சு. சொல்லியிருந்தா ஊரு அவர சேத்துகினு இருக்கும். ஆனா அவருக்கு இன்னா மிச்சம் இருந்திச்சு? நீ ஒருத்தன்தான். அதையும் நான் எப்டி புடுங்குவேன்? ஒனக்காவ வாய மூடல, தம்பி. அவருக்காவ."

மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் படியிறங்கினார். நான் ஜட்கா அழைத்து வருவதாகச் சொன்னேன். வேண்டாம் என்றார்.

அந்தப் பில்லை என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியாகத் தமக்குத் தரச் சொன்னார். மற்றப் பில்லைகளை அன்று மாலையே உருக்கிப் புதிய எண்கள் அடித்துவிட்டார்கள். கொடுப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. வாங்க வேண்டியவர்களும் இப்போது இல்லை. அந்தச் சந்தில் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். படித்தவன், சூது தெரியாதவன், ஏமாந்துவிட்டான் என்றுதான் இன்றும் அங்கே என்னைப் பற்றிச் சிலர் சொல்கிறார்களாம். என் தமையனார் எனக்கு விட்டுச் சென்ற பெயர் அது. அதை இன்று நான் திருப்பிக் கொடுக்கிறேன். தெரிந்துதான் செய்தேன், அண்ணா.